டாக்டரம்மாவின் தவிட்டு ரொட்டி

என்னிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அரைச் சாண் அகலம். மூடி கிடையாது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மடித்துச் செய்தது. செய்தவர் நன்னிலம் கடைத்தெருவில் உட்கார்ந்து ஓட்டைப் பாத்திரம் அடைத்துக்கொண்டிருந்தவர். எண்ணெய் வாடை போகப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்தேன். அப்படியும் முதல் ரொட்டியில் வாடை வந்தது. இப்போது ஒரு மூலை துருப்பிடித்து ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. என் மகள் இதில் துணி மாட்டுகிற கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள். "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா ரெண்டு வெங்காயம்கூட தரமாட்டாம்மா" என்பாள். தரமாட்டான்தான். நானும் போடவில்லை.

டப்பா டாக்டரம்மாவுக்காகச் செய்தது. டாக்டரம்மா டென்மார்க் தேசத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பத்துக் கட்டில். பிரசவம், பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, இவ்வளவுதான் அங்கே வரும். ஒரே டாக்டர் அவர்தான். நல்ல உயரம். எல்லா வீட்டு நிலையிலும் தலையை இடித்துக்கொண்டார். பிறகு குனியப் பழகினார். தமிழை ஒரு வாத்தியாரிடம் படித்துவிட்டு வந்திருந்தார். வாத்தியார் மரியாதைப் பேச்சு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார் போலிருக்கிறது. அதனால் டாக்டரம்மாவுக்கு எல்லாருமே நீங்கதான். நடவு நடுகிற பெண்ணும் நீங்க, அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளையும் நீங்க. "வாயத் தொறங்க, நாக்கக் காட்டுங்க" என்று இரண்டு வயசுப் பிள்ளையிடம் சொல்வார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் தெருக்காரர்களை நீ என்று சொன்னால் போதும், அவர்களே எதிர்பார்க்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் ஒருநாள் எடுத்துச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லையா, புரியாததுபோல இருந்துவிட்டாரா, தெரியாது. மறுநாள் நான் வேலை கேட்டுப் போய் நின்றபோது, "வாங்க, உட்காருங்க" என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. உட்காரவில்லை. நின்றுகொண்டே பதில் சொன்னேன்.

சமையல் வேலைக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பண்ணை வேலைதான் பார்த்தோம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் கொடி ஏற்றிய காலம் அது. புதுக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கூலிக்கும் குடியிருக்கிற மனைக்கும் சட்டம் வரும், சட்டம் வரும் என்று பேசிக்கொண்டார்கள். சட்டம் வருவதற்குள் மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி அறுப்பை முடித்துவிட்டார். எங்கள் தெருவில் கொடிக்கம்பம் நட்டவர் என் வீட்டுக்காரர். மற்றவர்களை ஒவ்வொருத்தராகத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இவரையும் என்னையும் சேர்க்கவில்லை. பண்ணைக் காரியக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். களத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் காலில் விழுந்து எழுந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான், மனை பண்ணையுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் என்னிடம், "நீ வெளி வேல பாத்துக் கஞ்சி வர்ற வரைக்கும் நான் களத்துக்குப் போகமாட்டேன். அது நின்னுட்டா போயி விழுந்துட்டு வந்துடுறேன். புள்ளையப் பட்டினி போட்டுட்டுக் கொடி புடிக்க முடியாது" என்றார். அந்த ஆள் பேசினால் அவ்வளவுதான் பேசுவார். எங்கள் தெருக்காரி கையால் ஆஸ்பத்திரியில் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள். டாக்டரம்மா சாப்பிடுவார். அதனால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

டாக்டரம்மாவுக்குச் சோறு பிடிக்காமல் இல்லை. ரசம் ஊற்றிச் சாப்பிடுவார், மோரை அண்ணாந்து குடிக்கப் பழகிக்கொண்டார். ஆனால் மூன்று வேளையும் சோறு அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. அவர் தேசத்து ரொட்டியைத் தேடினார். மருந்து வாங்க ஜீப்பில் தஞ்சாவூர் போகும்போதெல்லாம் ஒரு ரொட்டிக்கடை விடாமல் ஏறி இறங்குவார். கும்பகோணம் பார்த்தார். நாகப்பட்டினம் பார்த்தார். கிடைத்ததெல்லாம் சர்க்கரை போட்ட வெள்ளை ரொட்டி. விரலால் அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும். "இது ரொட்டி இல்லீங்க. தலகாணி" என்பார். ஒருமுறை அவருடைய அக்கா கப்பலில் ரொட்டி அனுப்பியிருந்தார். வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. பிரித்தால் பச்சைப் பூஞ்சணம். டாக்டரம்மா கத்தியை எடுத்துச் செதுக்கிச் செதுக்கி எறிந்தார். கடைசியில் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு மிஞ்சியது. அதை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ரொட்டி கறுப்பாக இருந்தது, வரட்டி மாதிரி இருந்தது என்று வீட்டில் வந்து சொன்னேன். "வரட்டி திங்கறதுக்கா இவ்வளவு படிச்சாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அரிசித் தட்டுப்பாட்டில் ரேஷன் கடையில் கோதுமை போட்டார்கள். நெல் விளைகிற ஊரில் கோதுமையை யார் தொடுவார்கள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்போம், மீதி கோழிக்குப் போகும். ஆஸ்பத்திரிக்கும் மூட்டையாக வந்து இறங்கியது. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா நாமே செய்து பார்க்கலாம் என்றார். அவருடைய அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறாரே தவிர அவர் தன் கையால் செய்ததில்லை. தெரிந்த வரைக்கும் சொன்னார். கோதுமையைக் கழுவிக் காயவைத்துத் திருகையில் அரைக்க வேண்டும். மாவைப் புளிக்கவைக்க வேண்டும். டப்பாவில் வைத்து வேகவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "சலிக்காதீங்க. எல்லாத்தையும் அப்படியே போடுங்க." நான் சரிங்கம்மா என்றேன். அரைத்தேன். சலித்தேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்குமோ என்னவோ. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர், பழையது இருந்தால் போதும், உலை வைக்காதே என்பார். வைக்காமல் இருந்துவிடுவோமா. அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அரிசியைக் களைவோம். சுடுசோறு போட்டதும், எதுக்கு இந்த வேலையெல்லாம் என்று கடிந்துகொண்டே சாப்பிடுவார். சொல்வது அவர் முறை, கேட்காமல் இருப்பது நம் முறை. டாக்டரம்மா சொன்னதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சமைக்கிறவளுக்கு வேலை கூடக் கூடாது என்று சொல்கிறார் என நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் வேலை இருக்காது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்த மாதங்களில் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்போம். மாட்டுக்குக் கலக்கியதுபோக மிஞ்சிய தவிட்டை முறத்தில் கொண்டுவந்து எங்கள் துணியில் கொட்டுவார்கள். எட்ட நின்று கொட்டுவதால் பாதி தரையில் விழும். அதையும் கூட்டி அள்ளிக்கொள்வோம். அம்மா உப்புப் போட்டு உருண்டை பிடித்துத் தரும். தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. என்னை வாங்க என்று சொன்ன மனுஷியின் தட்டில் அதை எப்படி வைப்பது. கண் சின்னதான சல்லடையாகத் தேடி வாங்கி மூன்று தடவை சலித்தேன். மாவு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. தவிட்டைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டேன்.

முதல் ரொட்டி சப்பையாகக் கிடந்தது. இட்லி மாவு மாதிரி புளிக்கவைத்துப் பார்த்தேன். அதுவும் சரியாக எழும்பவில்லை. கள்ளுக்கடையைத் திரும்பத் திறந்துவிட்டிருந்தார்கள். கள் ஊற்றினால் மாவு பொங்கும் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அந்த யோசனை எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு செம்பு வாங்கிவரச் சொன்னால் அரைச் செம்புதான் வந்து சேரும். "வழியில சிந்திப்போச்சு புள்ள" என்பார். "வாய்க்குள்ளயா சிந்திச்சு" என்று கேட்பேன். அரைச் செம்பே போதுமானதாக இருந்தது. மாவு பொங்கியது. அகலமான இரும்புச் சட்டியில் ஆற்றுமணலைக் கொட்டிக் காயவிட்டு, டப்பாவை அதற்குள் இறக்கி, மேலே தட்டைக் கவிழ்த்துத் தணலை அள்ளிப்போட்டேன். நன்றாக எழும்பி வந்தது. கொண்டுபோய் வைத்தேன். டாக்டரம்மா அறுத்துத் தின்று பார்த்தார். நல்லா இருக்குங்க என்றார். ஆனால் தஞ்சாவூர் ரொட்டியை அமுக்கிப் பார்த்த அதே முகம். சலிச்சீங்களா என்று கேட்டார். இல்லீங்கம்மா என்று சொல்லிவிட்டேன். சுடுசோறு போட்டவள், இப்பத்தான் உலை வச்சேன் என்றா சொல்வாள். கோதுமையில்தான் குற்றம் என்று அவர் வேறு கோதுமை வரவழைத்தார். திருகை மழுங்கியிருக்கும் என்று கொத்தச் சொன்னார். கடைசியில் கேழ்வரகைக் கலக்கச் சொன்னார். நான் கேழ்வரகையும் சலித்தேன்.

ஆறேழு மாதத்தில் டாக்டரம்மா இளைத்துவிட்டார். கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்கியது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மேனேஜர் அடுப்படிக்கு வந்தார். டாக்டரம்மாவை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதப்போவதாகவும், அவர் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு அடுத்த டாக்டர் வருவது நிச்சயமில்லை என்றும் சொன்னார். "ஒரு ரொட்டி சுடத் துப்பில்ல. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆள்" என்றார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு வெளியே போய்க் கொடிக்கம்பத்துக்குக் கீழே குந்தியிருந்தார். நான் அடுத்த நாள் இன்னும் ஒரு தடவை கூடச் சலித்தேன். வெள்ளை போதவில்லை என்று நினைத்தேன்.

எங்கள் ஆடு மட்டும் மினுமினு என்று இருந்தது. தெருவில் மற்ற ஆடுகள் எலும்பு தெரிய நிற்கும், இது உருண்டு நடக்கும். "ஏண்டி, ஆஸ்பத்திரி டானிக்க ஆட்டுக்கும் ஊத்துறியா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அவளுக்குத்தான் அந்த மாசக் கடைசியில் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மா ஜீப்பில் வந்தார், மேனேஜரும் கூட வந்தார். மத்தியானத்துக்குள் தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். டாக்டரம்மா எங்கள் வாசலில் கை கழுவ வந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். ஆடு உடைந்த பானையின் அடியில் வாயை வைத்துத் தின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நெல் தவிடு பொடிப்பொடியாக இருக்கும். இது செவலையாக, சிராய் சிராயாக இருந்தது. குந்தி உட்கார்ந்து ஆட்டின் வாயை ஒரு கையால் தள்ளிவிட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். கொஞ்சம் நாக்கில் போட்டு மென்றார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என் ரொட்டி" என்றார்.

மேனேஜருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. ஆஸ்பத்திரிக் கோதுமையைத் திருடி ஆடு வளர்க்கிறாள், நாளையிலிருந்து இவள் வர வேண்டாம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சங்கம் வந்த பிறகு அவர் துண்டைத் தோளில்தான் போடுவார், எவர் எதிரில் வந்தாலும் எடுக்கமாட்டார். இப்போது அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார். அவர் களத்துக்குப் போகக் கிளம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோலத் தெருமுனையில் பண்ணைக் காரியக்காரரின் சைக்கிளும் நின்றது.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தியபடியே என்னைப் பார்த்து, ஏன் என்று கேட்டார்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. "நீங்க என்னைய வாங்கன்னு சொன்னீங்க. தவிடு எங்களுக்குக் கொட்டுறதுங்க. அதை உங்க தட்டுல வைக்க மனசு வரலீங்க" என்றேன்.

அவர் கையில் இருந்த தவிட்டைப் பார்த்தார். ஆடு தலையை நீட்டி அவர் கையிலிருந்தே தின்ன ஆரம்பித்தது. தின்னவிட்டார். பிறகு சொன்னார். "மரியாதை போதுங்க. எனக்குப் பசிக்குது."

முதலில் பிள்ளை பெற்றவள்தான் உள்ளே படுத்தபடி சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. மேனேஜர் வேறு ஆள் வைப்பதைப் பற்றித் திரும்பவும் ஆரம்பித்தார். டாக்டரம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்து, வேறு யாரும் வேண்டாம், சலிக்காமல் இவரே செய்வார் என்று சொல்லிவிட்டார். என்னிடம், "நாளைக்கு வாங்க" என்றார். ஜீப் போய்விட்டது. சைக்கிளும் போய்விட்டது. வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இனிமே இதுக்கு என்ன புள்ள போடுறது" என்றார்.

அடுத்த ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. கறுப்பு, கனம், புளிப்பு. டப்பாவைத் தட்டி எடுத்தபோது மேசையில் தொப்பென்று விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா கத்தியை வைத்து அழுத்தினார். கரகர என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையை நிறுத்தினார். மறுபடி அறுத்தார். நின்றபடியே நாலு துண்டு தின்றார். ஐந்தாவது துண்டை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். வேண்டாங்க, பசி இல்லீங்க என்றேன். "உங்க ஊருல பசி இல்லன்னு சொன்னா வைக்காம விட்டுடுவீங்களா" என்று கேட்டு, அதன் மேல் இன்னொரு துண்டையும் வைத்தார். எங்கள் ஊரிலேயே கற்றுக்கொண்ட பாடம். நான் இரண்டையும் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் கடித்து மென்று பார்த்து, "பல்லுக்கு வேல இருக்கு. ஆனா பசி தாங்கும்" என்றார். அவர் தின்றார், பிள்ளை தின்றது, ஓரம் ஆட்டுக்குப் போனது. நான் தின்னவில்லை. அதன் பிறகு எத்தனையோ ரொட்டி சுட்டேன். ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. டாக்டரம்மா தினமும் தட்டை நகர்த்துவார், நான் தினமும் முடிந்துகொண்டு போவேன்.

அவர் உடம்பு தேறியது. கடிகாரம் மணிக்கட்டில் நின்றது. மேனேஜர் கடிதம் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் களத்துக்குப் போகவில்லை. குடிசையைப் பிரிக்க இரண்டு தடவை ஆள் வந்தார்கள், தெரு கூடி நின்றதும் திரும்பிப் போனார்கள். பிறகு பேசிக்கொண்டிருந்த சட்டம் வந்தது. பண்ணை மனையில் குடியிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று எழுதிப் பட்டா கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுக்காரர் அரிசிப் பானைக்குள் வைத்தார், எலி வராது என்று. வேலைக்கு நாலு மைல் நடந்து வேறு ஊருக்குப் போனார். காலம் முடிகிற வரைக்கும் துண்டு தோளில்தான் கிடந்தது. கட்டையில் வைக்கும்போதும் தோளில்தான் போட்டோம்.

எட்டு வருஷம் இருந்துவிட்டு டாக்டரம்மா ஊருக்குப் போனார். போகிறபோது டப்பாவை என்னிடம் கொடுத்தார். என் சல்லடையைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்த ஊரில் அதை வைத்து என்ன செய்தாரோ. ஆஸ்பத்திரிக்கு வேறு டாக்டர் வந்தார். அவருக்குச் சோறு போதும்.

இப்போது எனக்குச் சர்க்கரை. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண் எனக்கு வைத்தியம் பார்க்கிறது. எங்கள் தெரு மாதிரி ஒரு தெருவிலிருந்து படித்து வந்த பெண்தான், பேச்சிலேயே தெரியும். சோற்றைக் குறைக்கச் சொன்னது. சலிக்காத கோதுமையில் செய்து சாப்பிடுங்கம்மா என்றது. சரிங்க என்றேன். மகள் தஞ்சாவூரில் பெரிய கடையில் பிரவுன் பிரெட் என்று வாங்கிவந்தாள். நிறம் இருந்தது. விரலால் அமுக்கினேன். அமுங்கினபடியே கிடந்தது.

போன வாரம் டப்பாவிலிருந்த கிளிப்புகளைக் கொட்டினேன். மிஷினில் கோதுமையை அரைத்து வாங்கிவந்தேன். கை தானாக ஆணியில் மாட்டியிருந்த மகளின் சல்லடையை எடுத்துவிட்டது. திரும்ப மாட்டினேன். கள்ளுக்குப் பதில் கடையில் ஈஸ்ட் விற்கிறார்கள். ஆற்றில் மணல் அள்ள முடியாது, அதனால் சட்டியில் கல்லுப்பைக் கொட்டிச் சூடாக்கினேன். டப்பாவின் ஓட்டையை மாவே அடைத்துக்கொண்டது. தட்டியதும் தொப்பென்று விழுந்தது. அறுத்தேன். அதே சத்தம்.

மகள் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே ஒரு துண்டை வாயில் போட்டேன். தவிடு தவிடாகத்தான் இருந்தது. தொண்டையில் ஒட்டியது. தண்ணீர் குடித்து இறக்கினேன். "போதுமாம்மா" என்று மகள் கேட்டாள். நான் இன்னொரு துண்டை அறுத்துத் தட்டில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைத் தின்றேன்.